காத்துக்காரன் அடைத்த ஜன்னல்

அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேன்டீன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலை கேன்டீனில் இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்தவள். மத்தியானச் சங்கு ஊதும்போது முந்நூறு தட்டு தயாராக இருக்கும், ஒரு நாள் பிந்தியதில்லை.

அவள் அப்பாவுக்கு நாலு பிள்ளைகள், மூத்தவள் இவள். நடுவில் இரண்டு பெண்கள். ஒருத்தி கடல் தாண்டிப் போய்விட்டாள். இன்னொருத்தி எதற்கோ கோபித்துக்கொண்டு பேச்சை விட்டவள்தான், காரணம் அவளுக்கே மறந்திருக்கும். கடைசியாகப் பிறந்தவன் தம்பி. அவனுக்கு நாலு வயதாகும்போது அம்மா செத்துப்போனாள். இடுப்பில் தூக்கிச் சுமந்தது இந்த அக்காதான். அவன் வளர்ந்து, கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் தகரக் குழாய் பொருத்திக் காற்றோட்டம் செய்து கொடுக்கும் வேலைக்குப் போனான். தெருவில் அவனுக்குக் காத்துக்காரன் என்று பேர்.

அக்காளின் புருஷன் பார்சல் வண்டி ஓட்டியவர். வேலையை விட்டதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், சிங்க், இரண்டு பர்னர் அடுப்பு எல்லாவற்றையும் தன் கையாலேயே உள்ளே பொருத்தினார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். நின்ற இடத்தில் கதவைத் திறந்து வைத்துச் சமைத்தார்கள். புகை அதுபாட்டுக்குப் போனது. பிறகு ஒரு நாள் பெட்ரோல் பங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. வேனைக் கொண்டுவந்து தம்பி வீட்டு முற்றத்தில் நிறுத்தினாள்.

ஒரு பக்கம் மதில், கை நுழைய இடமில்லை. மறுபக்கம்தான் வேனின் கதவும் ஜன்னலும். அதற்கு நேரெதிரே, ஆறு தப்படி தள்ளி, தம்பியின் படுக்கையறை ஜன்னல்.

முதல் மாதம் தம்பி வீட்டுச் சாப்பாடுதான். ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வேனுக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் ஒரு மணிக்கு வரும், ஒரு நாள் மூன்றுக்கு. ஒரு நாள் மறந்தே போனார்கள். முந்நூறு பேருக்கு நேரம் தவறாமல் போட்டவள், எப்போது வரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த அடுப்பு ஒன்றுதான். அதுவும் போனால் அந்த வீட்டில் அவள் இன்னொரு வாய், அவ்வளவுதான்.

பத்து நாள் போவதற்குள் தம்பி மனைவி வாசலுக்கு வந்தாள்.

"அண்ணி, மீன் வறுத்தீங்களா?"

"ஆமா. ரெண்டு துண்டு தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். தலையணையே வறுபட்ட மாதிரி இருக்கு, அதான் கேட்டேன்."

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு சமைக்க வேண்டும் என்று ஆயிற்று. சாத்திக்கொண்டு சோறு கொதித்தால் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். மெத்தையின் அடியில் கறுப்பு பூத்தது. வெங்காயம் வதக்கி முடிப்பதற்குள் கண் எரிந்து தலை கிண்ணென்று வலிக்கும். அவள் முனகவில்லை. இருமல் மட்டும் அடக்க அடக்க வெளியே கேட்டது.

இப்படியே மூன்று வருஷம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி ஏணியோடு வந்தான். "காத்தோட்டம் பண்ணித் தர்றேன்க்கா" என்றான். அவளுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. நம்ம பையன், நம்ம கஷ்டம் தெரிந்தவன் என்று இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள். அவன் அடுப்புக்கு மேலே கூரையை வட்டமாக வெட்டி, புகையை வெளியே இழுக்கும் ஃபேன் ஒன்றை வைத்தான். அதோடு இறங்கவில்லை. வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சுற்றி ரப்பர் ஒட்டி, திறக்கவே முடியாதபடி நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கினான். கதவின் இடுக்குக்கும் ரப்பர்.

"ஜன்னல் எதுக்குடா?"

"அப்பதான்க்கா ஃபேன் நல்லா இழுக்கும்."

சாயங்காலம் ஃபேனைப் போட்டு மீனைச் சட்டியில் இட்டாள். ஃபேன் அலறியது, புகை அசையவில்லை. அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகித் தள்ளாடியது. சிங்க் ஓட்டை வழியாகக் கழிவுத் தண்ணீர் நாற்றம் குபுகுபுவென்று மேலே ஏறியது. எதையாவது இழுக்க வேண்டுமே அந்த ஃபேன், சாக்கடையை இழுத்தது. புதிதல்லவா, பழகினால் சரியாகும் என்று அவள் அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, தம்பி முற்றத்தில் நடந்தபடி யாரோ ஹோட்டல் முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் வேன் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், வெளிய இழுக்கிற ஃபேன் மட்டும் வச்சாப் பத்தாது. எதிர்ப்பக்கம் கீழ ஒரு வழி விடணும். புதுக்காத்து உள்ள வந்தாத்தான் புகை வெளிய போகும். எல்லாத்தையும் அடைச்சிட்டு ஃபேனை ஓட்டினா, அடுப்படியில நிக்கிறவன் மயங்கி விழுவான் சார். பாவம், அவனும் மனுஷன்தானே."

அக்காளின் கையில் பூண்டு அப்படியே நின்றது. அவன் போனை வைத்ததும் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. இந்த வேனுக்குள்ள புதுக்காத்து எந்த வழியா வருது?"

அவன் தலையைச் சொறிந்தான். "வழி வைக்கிறதுன்னா இந்தப் பக்கம்தான்க்கா வைக்கணும். இது எங்க ரூமைப் பார்த்த பக்கம்."

"உள்ள இழுக்கிற ஓட்டை வழியா வாசனை எப்படிடா வெளிய வரும்?"

"வராது. எனக்குத் தெரியுது. அவகிட்ட யாரு சொல்றது?"

தம்பி மனைவி வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள் போல. வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை, சிரித்த முகம் மாறவில்லை.

"அண்ணி, உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். அவருக்குச் சின்ன வயசுல இழுப்பு இருந்திருக்கு. புகை, நெடி எதுவும் ஆகாதாம். நீங்க எதுக்குச் சமைச்சுச் சிரமப்படணும்? நாங்க ஒரு தட்டு போட மாட்டோமா?"

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்! அஞ்சு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, இழுப்பு வரும்போதெல்லாம் அவனை நெஞ்சில் சாய்த்து உட்காரவைத்து, முதுகை நீவி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தவளிடம் அவள் இதைச் சொன்னாள். அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். அவன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா. இழுப்புக்காரனைக் கெடுக்க வேண்டாம்" என்றாள். அவள் சண்டை போடவில்லை.

மெயின் ரோட்டில் டயர் கடை வைத்திருந்தவர் பத்து வருஷம் கேன்டீனில் சாப்பிட்டவர். கடைக்குப் பின்னால் தேய்ந்த டயர்கள் கிடக்கும் காலி இடத்தைக் கேட்டாள். "தாராளமா வாங்கக்கா, எலிதான் ஆட்சேபணை சொல்லும்" என்றார். இழுத்துப் போக வண்டியும் அனுப்பினார். வேன் மூன்று வருஷமாக நின்று சக்கரம் மண்ணில் புதைந்திருந்தது. தம்பி பின்னாலிருந்து தள்ளினான். அவன் அப்படித் தோள் கொடுத்து வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. தம்பி மனைவி கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

டயர் கடைப் பக்கம் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ரப்பர் நாற்றத்தில் மீன் வாசனை எம்மாத்திரம். கதவைத் திறந்து போட்டுச் சமைத்தாள். மழை வந்தால் மட்டும் சாத்த வேண்டும், பழைய தலைவலி வரும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வேலை நாளில், கம்பெனிச் சட்டையோடு தம்பி வந்தான். கையில் ட்ரில். வந்ததும் குனிந்து, அடுப்புக்கு எதிர்மூலையில் தரையோரம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை போட்டான். பூச்சி நுழையாமல் வலை வைத்து, மழை இறங்காமல் தகர மூடி வைத்து முடித்தான். ஃபேனைப் போடச் சொன்னான். போட்டாள். அது அலறாமல் முனகியது. சட்டியிலிருந்து எழுந்த புகை கயிறு போல நேராக மேலே போனது.

"எவ்வளவு நேரம்டா ஆச்சு?"

"பத்து நிமிஷம் இருக்கும்க்கா."

"பத்து நிமிஷ வேலைதானா?"

அவன் ட்ரில்லின் வயரைச் சுற்றினான்.

வறுத்த துண்டுகளில் பெரியது இரண்டை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள். அவன் பார்வை தட்டில் நின்றது. எச்சிலை விழுங்கியது தொண்டையில் தெரிந்தது.

"வேண்டாம்க்கா. சட்டையில வாசனை ஏறிடும். எங்க போனேன்னு கேப்பா."

அவளிடம் சோப்பு வாங்கி இரண்டு தடவை கை கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். அக்கா இரண்டு துண்டையும் டயர் கடைக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து ஃபேனை நிறுத்தினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.