டப்பாவுக்குள் எலி வாடை

எட்டு வருடங்களுக்கு முன், தசரா விடுமுறையின் முதல் நாள் காலையில், ஹைதராபாத் திருமுல்கேரியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

அப்பா பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் சனத்நகர் பட்டறை ஒன்றில் சொல்லி, ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய டிரெய்லர் ஒன்றைச் செய்து வாங்கினார். இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, அடுப்புக்குக் கீழே சின்ன சிலிண்டருக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். காலனியில் எல்லோரும் அதை ‘டப்பா’ என்றார்கள். அனந்தகிரி மலையில் அதற்குள் படுத்துக்கொண்டு தகரக் கூரையில் விழும் மழையைக் கேட்ட நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் அங்கேயே போய்விடுகிறது.

அந்த வருடம் மழைக்காலம் முழுக்க டப்பா சும்மா நின்றது. எலிகள் குடியேறிவிட்டன. மெத்தையில் பொந்து, மூலையெல்லாம் புழுக்கை. அம்மா போட்ட பாச்சை உருண்டைகளை அவை உருட்டி விளையாடியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் கிடந்தன.

நான் அப்போதுதான் மெக்கானிக்கல் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என்னிடம் விடுங்கள் என்றேன். நல்ல வெயிலில் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சம் நுழையும் இடங்களையெல்லாம் சாக்பீஸால் குறித்தேன். பென்சில் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும் என்று கணக்கு. மொத்தம் பத்தொன்பது ஓட்டைகள். வரிசை எண், இடம், அளவு என்று பட்டியல் போட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே சிலிகான் பூசி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டேன்.

எங்கள் வீட்டில் எந்தப் பட்டியலுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். செய்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பழக்கம். அன்று அவர் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. “இன்ஜினியரம்மா பண்ணியாச்சு, நான் என்னத்தப் பாக்கறது?” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புறப்படும் நாள் காலையில் அப்பா சிலிண்டரைப் பொருத்தி, ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனார். அரை மணி கழித்துத் திறந்தால் செத்த எலி நாறுவது போல் வாடை. ஓர் எலியை உள்ளே வைத்து அடைத்துக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

“எத்தனாம் நம்பர் ஓட்டைம்மா?” என்று அப்பா கேலி செய்தார். நான் மெத்தையைத் தூக்கித் தேடினேன். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் ஜீப்புக்கும் அடுப்புக்கும் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். காட்டினால் வாடையும் போய்விடும் என்று தட்டோடு உள்ளே வந்த அப்பா தீக்குச்சியை எடுத்தார்.

புளியோதரைத் தூக்குடன் வந்த அம்மா படியிலேயே நின்றுவிட்டார்.

“தீப்பெட்டியக் கீழ வைங்க. இது எலி இல்ல. கேஸ்.”

குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எங்களுக்குச் சட்டென்று உறைத்தது. அப்பா ரெகுலேட்டரை மூடினார். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு மூவரும் தெருவுக்கு வந்து நின்றோம்.

பிறகு பார்த்தால், ரப்பர் குழாயை எலி இரண்டு இடத்தில் கடித்திருந்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேறத்தான் அப்பா சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓர் ஓட்டை போடச் சொல்லியிருந்தார். என் பட்டியலில் அது பதினாலாம் எண். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான். ஆனால் அந்த வாரம் என் கண்ணுக்கு எல்லா ஓட்டையும் எலி நுழையும் வழியாக மட்டுமே தெரிந்தது.

“எலியும் நாமளும் சேர்ந்தே போயிருப்போம்,” என்றார் அம்மா.

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பட்டியலை வாங்கித் தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தார். “நான் பாக்காமப் போட்டேன்,” என்றார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். நான் எண்களை வாசிக்க வாசிக்க, பத்தொன்பதையும் தொட்டுப் பார்த்தார். பதினாலில் இருந்த நாரை நானே பிடுங்கி, எலி நுழையாத கம்பி வலையை வைத்தேன். புதுக் குழாய் வாங்கி மாட்டிப் புறப்படும்போது மதியமாகிவிட்டது.

அப்பாவின் முழங்கால் வலியால் டப்பாவை விற்று நாலு வருடமாகிறது. யாராவது என்னை நம்பி, பார்க்காமலே சரி என்று சொல்லும்போது இப்போதும் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு பயம் வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போகாமல் இருக்கட்டும்.