வெண்டெலின் வெட்டாத புல்

இன்னர்கார் ஊர்க்காரர்கள் லிஃப்ட் நாற்காலியில் ஏறி மேலே போவார்கள்; பனியில் சறுக்கித்தான் கீழே வருவார்கள். நாற்காலியிலேயே இறங்கி வருவது காலை உடைத்துக்கொண்டவர்களுக்கு. ஐம்பத்தெட்டு வயது பூர்கி ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை. செப்டம்பரில் முட்டி ஆபரேஷன், டிசம்பரில் சறுக்குக் கட்டையை மாட்டிவிட்டாள். டாக்டர் திட்டினார். திட்டட்டுமே!

கோடையில் பதினோரு மாடுகளை மேய்ப்பாள். குளிர்காலத்தில் பனிச்சரிவுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. எந்தச் சறுக்குப் பாதையைத் திறக்கலாம் என்று தினமும் காலையில் மூன்று பேர் மேலே நின்று முடிவு செய்வார்கள். 'திற' என்று சொன்னவர்களில் மூத்தவர் முதல் ஆளாய்த் தனியாக அதில் இறங்க வேண்டும். சொல்லிவிட்டுப் பின்வாங்கினால், ஊரே பார்க்க நாற்காலியில் உட்கார்ந்து கீழே போக வேண்டும். அந்த ஊரின் வழக்கம் அது. அதனால் அங்கே வாய்ச்சவடால் கொஞ்சம் குறைவு.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வடக்குப் பாதை மூடி நான்கு நாளாகியிருந்தது. பூர்கியின் தம்பி வெண்டெலினின் ஓட்டலில் நாற்பது அறையும் நிறைந்து, எல்லோரும் அவனைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழுவில் அவனும் ஒருவன்.

"திற" என்றான் வெண்டெலின்.

குழுவின் மூன்றாவது ஆளான, லிஃப்ட் ஓட்டும் காசியனும், "திறக்கலாம்க்கா" என்றான்.

பூர்கி பாதைக்கு மேலே இருந்த புல்வெளியைக் காட்டினாள். அது அவர்கள் அப்பாவின் நிலம். அதன் பனியில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியது. "அது என்னடா?"

"கோடு! அதுக்கெல்லாம் பயந்தா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். முட்டியோட மூளையையும் மாத்திட்டாங்களாக்கா உனக்கு?"

"அடியில புல்லு?"

"ஆஸ்பத்திரியிலயே சொன்னேனே, சுத்தமா வெட்டிட்டேன்னு."

அந்தப் புல்வெளியை வருஷா வருஷம் பூர்கிதான் அரிவாளால் வெட்டுவாள். வெட்டாமல் விட்டால் நீண்ட புல் கீழ்நோக்கிப் படிந்து வழுக்கும். அதன்மேல் கிடக்கும் மொத்தப் பனியும் ஒருநாள் பாதையில் போகிறவர்கள் தலையில் வந்து இறங்கும். இந்த வருஷம்தான் தம்பி பொறுப்பில் விட்டிருந்தாள்.

'திற' என்ற இருவரில் மூத்தவன் வெண்டெலின்; கட்டையை மாட்டினான். முகம் வெளுத்திருந்தது. ஊர் சிரிப்பதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிற ஜாதி அவன். பாவிப்பயல், இறங்கிவிடுவான்!

"ஒரு நிமிஷம் நில்லு" என்றவள், புல்வெளி ஓரத்துப் பாறையருகே மண்வெட்டியால் பனியைத் தோண்டினாள். முட்டி வலித்தது. இடுப்பளவு தோண்டியதும் தரை தெரிந்தது. முழங்கை நீளப் புல், சீப்பால் வாரினாற்போல் பள்ளத்தைப் பார்த்துப் படிந்து, சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

காசியன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அப்ப ஓட்டல்ல ஒரே கூட்டம்க்கா" என்றான் வெண்டெலின். "நாளைக்கு நாளைக்குன்னு... அதுக்குள்ள பனி விழுந்திருச்சு."

"இப்ப சொல்லு. திறக்கவா?"

"மூடு" என்றான். கட்டையைக் கழற்றினான்.

லிஃப்ட் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்தவன் பக்கத்தில் தொப்பென்று ஒரு கனம் விழுந்தது. பூர்கி!

"நீ எதுக்கு? தெக்குப் பாதை திறந்துதானே இருக்கு, சறுக்கிப் போ."

"தள்ளி உக்காரு."

எதிரே ஏறி வந்த நாற்காலிகளில் பாதி ஊர் இருந்தது. "என்ன வெண்டெலின், கால் போச்சா?" என்று கத்தினான் ரொட்டிக்கடைக்காரன்.

"எனக்கு முட்டி வலி, சறுக்க முடியல! துணைக்கு வர்றான்!" என்று பூர்கி திருப்பிக் கத்தினாள். குழுவில் இருந்த முப்பது வருஷத்தில் அவள் பனியைப் பற்றியோ தன்னைப் பற்றியோ பொய் சொன்னதே இல்லை.

வெண்டெலின் நிமிர்ந்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"இல்லடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "நான் புல்லு வெட்டல!"