பாலத்தில் முனகிய கருவாடு

எங்கள் நாய் ரோசி குட்டி போட்டுவிட்டாள் என்று மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் செய்தி பரவினால், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கடுவனோ, பெட்டையோ? குட்டிகளுக்குக் கண்கூடத் திறந்திராது. அதற்குள் கடுவன்களுக்கெல்லாம் வீடு நிச்சயமாகிவிடும். ஒன்று வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டியார் வீட்டுக்கு, இன்னொன்று கருவாட்டு வாடிக்காரருக்கு. பெட்டைகளைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். “பெட்டையை எடுத்தால் பிறகு பேறு பாக்கிறதுதான் வேலை” என்று சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் கடுவன்கள்தான் எங்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்துபோகிறவை என்று அம்மா முணுமுணுப்பார். அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ரோசி நனைந்த மணல் நிறம். ஒரு காது எப்போதும் மடிந்தே கிடக்கும். அப்பாவின் வள்ளம் கரைக்கு வருவதைக் கரையில் நிற்கிற ஆட்களுக்கு முன்பாக அவள்தான் அறிவாள். எழுந்து நின்று வாலை ஆட்டத் தொடங்கினாள் என்றால் அம்மா அடுப்பில் உலை வைத்துவிடலாம். ஆனால் குட்டி போட்ட காலத்தில் அவள் கடற்கரைக்கு வரமாட்டாள். விலா எலும்புகள் பின்னிய கூடைபோலத் தெரிய, கோடிப்புறத்தில் விறகுக்குப் பின்னால் கிடப்பாள். குட்டிகள் அவளை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். அம்மா மீன் தலைகளை அவித்து, முள் எடுத்துச் சோற்றில் குழைத்துக் கொண்டுபோய் வைப்பார். “தின்னு. உனக்கு ஆர் வந்து தரப்போயினம்” என்று அவளோடு கதைப்பார். எங்களோடு கதைப்பதைவிட ரோசியோடு அம்மா கதைப்பது கூடுதல் என்று எனக்கும் தங்கச்சிக்கும் ஒரு சின்ன மனக்குறை இருந்தது.

பெட்டைக் குட்டிகள் பால் மறக்கத் தொடங்கும் நேரத்தில் அப்பா ஒரு சாக்கை எடுப்பார். அவற்றை அதற்குள் போட்டு, சைக்கிளின் பின்கரியரில் கட்டி, பாலத்தைத் தாண்டி அக்கரைக்குக் கொண்டுபோய்விடுவார். தீவிலேயே எங்காவது விட்டால் மூக்கால் மணந்து மணந்து திரும்பி வந்துவிடும், கடல் தாண்டிய நாய்க்கு வழி தெரியாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதிலும் ஒரு முறை இருந்தது. பாலத்தின் நடுவில் இறங்கி, சாக்கை ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். அப்போதுதான் குட்டிக்குத் திசை மறக்குமாம். அப்பா அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

“நானாட்டான் பக்கம் கமக்காரர் வீடுகளுக்குக் குடுக்கிறன். அங்க வயல் இருக்கு, கோழி இருக்கு. காவலுக்கு நாய் தேவை” என்று அப்பா எங்களிடம் சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன். முந்திய முறை போன குட்டிகளில் ஒன்றுக்கு வால் நுனி வெள்ளை. வெள்ளைவால் என்று அதற்குப் பெயர் வைத்தவள் நான். அது இப்போது ஏதோ ஒரு வயல் வரம்பில் கொக்குகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது என்று நினைத்தால் எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூடச் சிரிப்பு வரும்.

அந்த முறை அப்பா சாக்கை எடுத்தபோது நானும் வருவேன் என்று அழுதேன். வெள்ளைவாலைப் பார்க்கவேண்டும். அப்பா, “வெயிலுக்க என்னண்டு வருவாய்” என்று மறுத்துப் பார்த்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றார். அவன் அப்போது தவழத் தொடங்காத பிள்ளை.

“கூட்டிக்கொண்டு போங்கோ. நல்ல வீடு பாத்துத்தானே குடுக்கிறீங்கள்? அவளும் பாத்திட்டு வரட்டும்” என்றார்.

அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் வைத்தார்.

அன்றைக்குச் சோழகக் காற்று நன்றாக வீசியது. பாலத்தில் சைக்கிளை மிதிக்க முடியாமல் அப்பா இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். நடுப்பாலத்தில் நிறுத்தி, சாக்கை அவிழ்க்கப் போனவர் அப்படியே நின்றார். எதிரே இன்னொரு சைக்கிள் நின்றது. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு மனிதர், எங்களைக் காணாமல், தன் கரியரில் இருந்த சாக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பவ்வியமாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பியவர் எங்களைக் கண்டுவிட்டார். சாக்கை அவசரமாக இறக்கினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்கள்.

“என்ன அண்ணை, சாக்குக்க?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

“கருவாடு” என்றார் அப்பா. “உங்கட?”

“நெல்லு.”

கருவாடு முனகியது. கொஞ்சம் பொறுத்து நெல்லும் முனகியது. காற்று அந்தச் சத்தத்தை எங்கேயாவது கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோகவில்லை.

அந்த மனிதர்தான் முதலில் சிரித்தார். “எத்தினை பெட்டை, அண்ணை?” என்று கேட்டபடி மதகுக் கட்டில் உட்கார்ந்தார். அப்பாவும் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நானாட்டான் பக்கத்துக் கமக்காரராம். மன்னார்ப் பக்கம் மீன் கடை இருக்கிறது, தலையும் குடலும் தாராளமாகக் கிடக்கும், குட்டிகள் பிழைத்துக்கொள்ளும் என்று கொண்டுவருகிறாராம்.

“நான் திருக்கேதீஸ்வரத்து மடத்தடியில விடுறனான்” என்றார் அப்பா, என்னைப் பாராமல். “வாற சனம் சோறு போடும் எண்டு.”

“எங்க போடுது. திருவிழா முடிஞ்சால் அங்க ஆர் இருக்கினம்? பெரிய நாயள் கடிக்கும். லொறியும் போற றோட்டு. தப்பினதும் வயித்தைத் தள்ளிக்கொண்டு திரியும். அதின்ர குட்டியளைத்தான் நாங்கள் இஞ்ச கொண்டாறமோ தெரியாது.”

“மீன் கடையடியிலயும் அதுதான். வெட்டுற ஆக்கள் கத்தியால எறிவாங்கள்” என்றார் அப்பா.

எனக்கு இதில் பாதிதான் விளங்கியது. கமக்காரர் வீடு என்று சொல்லிவிட்டு ஏன் மடம் என்கிறார் என்று குழப்பமாக இருந்தது. ஆனாலும் நானாட்டான் மனிதர் ஒருவர் கையில் கிடைத்துவிட்டார் அல்லவா? “மாமா, வால் நுனி வெள்ளையா ஒரு குட்டியைக் கண்டனீங்களோ? எங்கட குட்டி” என்று கேட்டேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் கால் விரல்களைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை” என்றார் அவர். “எங்கட வரம்பாலதான் ஓடித்திரியும். நல்லாக் கொழுத்திட்டுது.”

அந்தப் பொய்யை நான் பல வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

பிறகு இரண்டு பேரும் எழுந்து சாரத்தைத் தட்டினார்கள். ஒருவர் கண் முன்னால் மற்றவர் பாலத்தைத் தாண்டிப் போக முடியாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். “அப்ப வரட்டோ” என்று சொல்லி நெல்லு வந்த வழியே திரும்பியது. கருவாடும் திரும்பியது.

சாக்கோடு வந்த எங்களைக் கண்ட அம்மா அதைக் கையில் வாங்கினார். அவிழ்த்துக் குட்டிகளை ரோசியிடம் விட்டார். அவள் ஒவ்வொன்றாக மணந்து நக்கினாள். அப்பா பாலத்துக் கதையைச் சிரிப்பாகச் சொல்லப் பார்த்தார். மாமி, அதாவது அப்பாவின் அக்கா, முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தவர், வாய்விட்டே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“உங்களுக்கு அது ஒரு சைக்கிள் ஓட்டம்” என்றார். “பெறுறது அவள்.”

சாக்கை மடித்து வைத்துவிட்டு, “விசர்நாய் ஊசி போட வந்த டொக்டர் சொன்னவர், பெட்டையைக் கொண்டாந்தால் குட்டி வராமல் செய்துவிடலாம் எண்டு. நான் கொண்டுபோகப் போறன்” என்றார்.

மாமிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “கடவுள் குடுக்கிறதை வேண்டாம் எண்டுறதோ? பங்குச் சுவாமியார் அறிஞ்சால் என்ன சொல்லுவார்?”

“சுவாமியாரைக் கேளுங்கோ மச்சாள், இந்தக் குட்டியளை அவற்ற வாசலில விடட்டோ எண்டு.”

“மனிசருக்கே நாங்கள் செய்யாத ஒப்பரேசன், நாய்க்கோ?” என்றார் மாமி.

அம்மா தம்பியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தலே இல்லாத இடத்தில் பொத்தல் தேடினார்.

குட்டிகள் முழுதாகப் பால் மறக்கும்வரை பொறுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியனுப்பினார். பொறுத்தோம். பிறகு ஒரு காலை அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டும், நான் ரோசியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுமாகப் புறப்பட்டோம். உப்புக்குளத்தால் போகும்போது முஸ்லிம் கடைக்கார நானா ஒருவர் தராசை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

“என்ன தங்கச்சி, நாயைக் கோயிலுக்கோ கூட்டிப் போறீங்க?”

“டொக்டரிட்ட, நானா. இனிக் குட்டி போடாமல் இருக்க.”

அவர் தாடியைத் தடவினார். “அப்ப எங்கட பூனைக்கும் ஒரு இடம் சொல்லி வைங்கோ. சீனிச் சாக்குக்குள்ள எல்லாம் குட்டி.”

மிருக வைத்தியர் கந்தோரில் இருந்த டொக்டர் இளம் ஆள். ரோசியின் மடிந்த காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: “வீட்டில ஐயாவுக்குச் சம்மதமோ? முந்தி ஒருத்தர் வந்து, என்னைக் கேளாமல் ஏன் செய்தனீர் எண்டு கதிரையைத் தூக்கினவர்.”

அம்மா நிமிர்ந்தார். அம்மா வெளியாட்களோடு தலையை நிமிர்த்திக் கதைத்து நான் அதற்கு முன் கண்டதில்லை. “சோறு போடுறது நான், டொக்டர். பேறு பாக்கிறதும் நான். ஓம் எண்டு நான் சொல்லுறன். அது காணாதோ?”

“காணும், அது போதும்” என்றார் டொக்டர்.

பின்னேரம் ரோசியை அப்பாவின் சைக்கிளில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்து கந்தோர் வாசலில் நின்றார். டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சட்டங்கள் சொன்னார். துள்ள விடக்கூடாது. தண்ணீர் படக்கூடாது. தையலை நக்க விடக்கூடாது. நான் அவற்றைப் பாடமாக்கிக்கொண்டேன். அம்மா தம்பியின் பழைய சட்டையை வெட்டி ரோசியின் வயிற்றைச் சுற்றிக் கட்டினார். அவள் மயக்கம் முழுதாகத் தெளியாமல், அந்தப் பழைய சாக்கின் மேல் நீட்டிக் கிடந்தாள். அம்மா பக்கத்தில் நிலத்தில் இருந்து அவள் தலையைத் தடவினார்.

“உனக்காவது ஓம் சொல்ல ஒரு ஆள் இருந்துது” என்றார்.

சின்னக் குரலில்தான் சொன்னார். அப்பா அப்போது தண்ணீர்ச் சட்டியோடு வாசலில் நின்றார். சட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். டொக்டர் தன்னை மதித்துக் கேட்டதில் அம்மாவுக்குப் பெருமை, அதைத்தான் ரோசியிடம் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

பெட்டைக் குட்டிகளுக்கு அந்த முறை வீடு தேடி அலைந்தவர் அப்பாதான். கடலுக்குப் போகாத நேரமெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக்கொண்டு போனார். “வயது வந்தோடன டொக்டரிட்ட கொண்டுபோறதெண்டால் தாறன். இல்லாட்டி இல்லை” என்று அவர் நிபந்தனை போட்டதை ஊர் கொஞ்சக் காலம் சொல்லிச் சிரித்தது. ஒன்று மட்டும் எங்களோடு நின்றது. அதற்குக் கருவாடு என்று பெயர் வைத்தேன். பின்னால் கருவாட்டை டொக்டரிடம் கொண்டுபோய் ஓம் சொன்னவரும் அப்பாவே.

தம்பி பிறந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, முகம் வெளிறித் திரும்பி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. இன்னொரு பேறு தாங்கமாட்டாள், இதோடு நிறுத்திவிடுவது நல்லது என்று அங்கே டொக்டர் சொல்லியிருந்தார் என்பதும், அதற்கு அப்பாவின் சம்மதத்தைக் கேட்டார் என்பதும் எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தெரியவந்தது. சொன்னவர் மாமி. “உன்ர அப்பன் என்னட்ட வந்து கேட்டவன். நான் சுவாமியாரைக் கேள் எண்டன். சுவாமியாரிட்டப் போய் இதைக் கேக்க அவனுக்கு வெக்கம். அப்பிடியே கிடந்துபோச்சு பிள்ளை” என்றார். அம்மா அந்த மாதங்களை என்ன பயத்தோடு கழித்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரோசியின் தையல் ஆறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒருநாள், அப்பாவும் அம்மாவும் கோயிலுக்கு உடுக்கிற உடுப்பை உடுத்திக்கொண்டு எங்கோ வெளிக்கிட்டார்கள். எங்களைப் பார்க்க மாமி வந்திருந்தார். அவர் வாயே திறக்காமல் சோறு போட்டது அதிசயமாக இருந்தது. திரும்பி வந்த அம்மா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரோசி நடந்ததுபோலவே, ஒவ்வொரு அடியாக நடந்தார். அப்பா பாயை விரித்தார். ரோசி வந்து மணந்து பார்த்துவிட்டு, அம்மாவின் முதுகோடு ஒட்டிப் படுத்தாள்.

எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியுமே. தங்கச்சியைக் கூப்பிட்டு, “அம்மா துள்ளக்கூடாது. தண்ணி படக்கூடாது” என்று சட்டம் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். சிரிக்க வயிறு நொந்திருக்கவேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“அம்மாவுக்கு ஆர் ஓம் சொன்னது?” என்று அப்பாவிடம் கேட்டேன். அப்படி ஒருவர் சொல்லவேண்டும் என்பதுதான் முறை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பா தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். கடலில் இருந்து வந்ததுபோல நெடுநேரம் துடைத்தார்.

“நான்தான்” என்றார்.

“அவ்வளவுதானே” என்று சொல்லிவிட்டு, கருவாட்டோடு விளையாட ஓடிவிட்டேன்.