பேச்சில் மறந்த பெல்ட்

என் கணவர் மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் தூக்கம்தான். அவரோடு பேசக் கிடைக்குமே என்று, செமினிக்குச் சரக்கு ஏற்றிப் போன ஒருநாள் நானும் ஏறிக்கொண்டேன்.

கேசட்டை நிறுத்திவிட்டு வழியெல்லாம் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பேசியதில்லை. பின்னால் ஏதோ படபடவென்று அடித்தது.

“என்னங்க, சத்தம் கேக்குதே?”

“காத்து லா.”

ஒரு வளைவில் லோரி ஆடியது. இறங்கிப் பார்த்தால், கண்டெய்னரை இழுத்துக் கட்டியிருந்த தடித்த பெல்ட் ஒன்று கழன்று தொங்கியது. எப்போதும் பாதி வழியில் நிறுத்தி இறுக்குவாராம். அன்று பேச்சில் மறந்துவிட்டார். மறுபடி கட்டிவிட்டு, ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏறினார்.

இப்போதெல்லாம் காலையில் வாசலில் நிற்கும் லோரியின் பெல்ட்டுகளை நானும் இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். என்னை மட்டும் ஏற்றிக்கொள்வதில்லை.

“நீ வந்தா பேசிக்கிட்டே இருப்பேன்மா” என்கிறார்.

அதற்காகத்தானே ஏறினேன்!