சாவி கேட்ட மாலுமி

ஒன்பது வயதிலேயே எனக்குப் போர்த்துக்கீசிய மொழி தெரிந்திருந்தது. அப்படி ஒரு மொழி இருப்பதுதான் தெரியாது.

தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அத்தை நர்சாக இருந்தாள். அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வரும்வரை, பள்ளிக்கூடம் விட்டதும் நான் அத்தையிடம் போய்விடுவேன். நர்சுகள் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும், வார்டுக்குள் நுழையக் கூடாது என்பது கட்டளை. அதை நான் ஒருநாளும் மதித்ததில்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை ஏற்றி வந்த கப்பலில் ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்த ஒரு மாலுமியை அங்கே சேர்த்திருந்தார்கள். மொசாம்பிக்காரர். கட்டில் போதாமல் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கப்பல் ஏஜெண்டு வந்து இங்கிலீஷில் பேசிப் பார்த்தார். 'ஓகே', 'நோ' தவிர வேறு இங்கிலீஷ் மாலுமியிடம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது வார்டில் ஒரே கூச்சல். கட்டுப்போட்ட காலோடு அவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். இரண்டு பேர் தோளைப் பிடித்து அமுக்குகிறார்கள். "ஷாவே! ஷாவே!" என்று கத்துகிறார்.

"சாவேன் சாவேங்கான் டாக்டர்" என்றாள் அத்தை. "காலையில இருந்து இதே பேச்சு. சன்னல் பக்கமே கையக் காட்டுதான். குதிச்சிருவானோன்னு பயமா இருக்கு."

தூங்க ஊசி போட்டுக் கையைக் கட்டிலோடு கட்டிவிடச் சொன்னார் டாக்டர். அத்தை ஊசிக்குள் மருந்தை ஏற்றினாள். அப்போது மாலுமி 'அர்மாரியு' என்று ஏதோ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அத்தை, அவரு சாவி கேக்காரு. அலமாரிச் சாவி."

"ஏளா, ஒன்ன யாரு உள்ள விட்டா? வெளிய போ!"

"சாவிதான் கேக்காரு அத்தை. ஒழுங்காப் பேச வரல, அவ்வளவுதான்."

சன்னலை ஒட்டி ஓர் இரும்பு அலமாரி இருந்தது. நோயாளிகளின் பைகளை அதில்தான் வைத்துப் பூட்டுவார்கள். நான் கையால் பூட்டைத் திறப்பதுபோல் காட்டி, "சாவி?" என்றேன். அவர் கத்துவதை நிறுத்தினார். "ஷாவே" என்று மெதுவாகச் சொல்லித் தலையை ஆட்டினார்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். "தொறந்துதான் பாருங்க, சிஸ்டர்."

பையைக் கொடுத்ததும் அவர் அதற்குள்ளிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். நீலச் சீருடையில் என் வயதுப் பெண் ஒருத்தி. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் படுத்துவிட்டார். ஊசிக்கு வேலை இல்லாமல் போனது. பிறகு படத்தைக் காட்டி "பில்யா" என்றார். என்னைக் காட்டி மறுபடியும் "பில்யா" என்றார்.

"பிள்ளைங்கான் டாக்டர்" என்றாள் அத்தை.

அதன்பின் வார்டு என் ராஜ்யம். மேசையைத் தொட்டால் "மேசா" என்பார். சன்னலைக் காட்டினால் "ஜனேலா". சட்டியில் கிண்டுவதுபோல் நடித்தேன், "கொசீஞா" என்றார். எங்கள் கடற்கரை வீடுகளில் சமையலறைக்குக் குசினி என்றுதான் பெயர். வகுப்பில் அதற்காக என்னைக் கேலி செய்தவர்களிடம், கப்பல்காரரே அப்படித்தான் சொல்கிறார் என்று மறுநாள் நிமிர்ந்து நின்று அறிவித்தேன். அவர் நம்ம ஊர்க்காரர்தான், ரொம்ப நாள் கப்பலிலேயே இருந்ததில் தமிழ் பாதி மறந்துவிட்டது என்று வீட்டில் அடித்துச் சொன்னேன்.

சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் கப்பலில் வந்து எங்கள் வீடுகளில் தங்கிவிட்ட போர்த்துக்கீசியச் சொற்கள் அவை என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. 'பில்யா' என்றால் மகள். அதற்கும் நம் 'பிள்ளை'க்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். ஆனாலும் அத்தை சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள்.

அவரை ஊருக்கு அனுப்பிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். அதில் மேசை இல்லை, சாவி இல்லை, எனக்குத் தெரிந்த எந்தச் சாமானும் இல்லை. நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். தமிழில்தானே கேட்கிறார் என்ற தைரியத்தில் "ஆமா" என்றேன். திரும்பவும் கேட்டார். "கண்டிப்பா" என்றேன்.

அவர் என்ன கேட்டார், நான் எதற்குச் சம்மதம் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டவர்போல, சிரித்துக்கொண்டே சக்கர நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார்.