சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது கட்டைகள்

கதவை முழுதாகச் சாத்தவில்லை. அந்த இடைவெளியில் மேசையும் அக்கா மகளின் கைகளும் தெரிந்தன. மருத்துவமனை உளவியலாளர் பெட்டியைத் திறந்து ஒன்பது கட்டைகளை எடுத்து வைத்தார். சிவப்பும் வெள்ளையுமான அந்தக் கட்டைகளை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். இரண்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவள் முன்னால் நான் கொட்டியது அதே மாதிரிக் கட்டைகளைத்தான்.

நான் அப்போது உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்தேன். அறிவுத்திறன் சோதனையைப் பத்துப் பேருக்குச் செய்து ரெக்கார்டு எழுதினால்தான் செய்முறைத் தேர்வில் உட்கார முடியும். சோதனைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, உண்மையிலேயே சோதனை தேவைப்படக்கூடிய பிள்ளையிடம் பழகிப் பார்க்கவே கூடாது என்று ஆசிரியை முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். ஒருமுறை செய்தவர் அடுத்த முறை கூடுதலாகச் செய்துவிடுவார், அப்புறம் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிவைத்தவள்தான் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைப் பையில் திணித்து, மேலே துப்பட்டாவைப் போட்டு மூடி ரயிலேறியவளும் நான்தான்.

பழகிப் பார்க்க நான் உட்காரவைத்த அக்கம்பக்கத்தார் கால் மணி நேரத்தில் கொட்டாவி விட்டார்கள். அக்கா மகள் மட்டும் அசையாமல் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பு. எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள். நேற்றுப் படித்தது இன்று நிற்காது. ஆனால் படத்தைப் பார்த்து அதேபோலக் கட்டைகளை அடுக்குவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முதல் வாரம் மூன்றாவது படத்திலேயே திகைத்து நின்றாள். வாயை மூடிக்கொண்டு நேரத்தைக் குறிப்பதுதான் என் வேலை. நானோ, "அதைத் திருப்பு மக்கா" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் என்னால் நிறுத்த முடியவில்லை. எண்களைப் பின்னிருந்து சொல்வது, படங்களை வரிசைப்படுத்துவது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கே என்மேல் ஒரு நினைப்பு.

அப்போதுதான் பள்ளியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். பொதுத்தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரமும், அவள் சொல்லச்சொல்ல எழுத ஓர் ஆளும் வேண்டுமென்றால் மாதக் கடைசிக்குள் அறிவுத்திறன் குறைவு என்ற சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாமல் அவள் தேறப்போவதில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். பாலராமபுரத்தில் தையல் கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அரசு மருத்துவமனையில் தேதி வாங்கினாள். படித்தவள் நீ, கூட வா என்றாள். அங்கே வேறு சோதனையாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு போனேன்.

உள்ளே அவள் கைகள் பறந்தன. உளவியலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுதினார். அக்கா என் காதருகே குனிந்து, நன்றாகச் செய்கிறாளா என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார். மதிப்பெண் எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது, சான்றிதழுக்கு வழியில்லை, ஆனால் பிள்ளையைப் பற்றிச் சந்தோஷப்படுங்கள் என்று மலையாளத்தில் சொன்னார். அக்காவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அவள் மகளுக்குத் தெரிந்தது.

"சித்தி, கடைசிப் படமும் செய்தேனாக்கும்."

மூன்று வாரத்தில் என் செய்முறைத் தேர்வு. சொன்னால் கல்லூரிக்குத் தெரியும். சொல்லாவிட்டால் பிள்ளை தேர்வறையில் வெறும் தாளோடு உட்கார்ந்திருப்பாள். அவளை வெளியே அனுப்பிவிட்டாவது பேசியிருக்கலாம். அந்தப் புத்திகூட எனக்கு வரவில்லை. இந்த மதிப்பெண் இவளுடையது அல்ல, நான் பழக்கியது என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

உளவியலாளரின் சிரிப்பு நின்றது. தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டார். பெட்டி எங்கிருந்து வந்தது என்று என்னை எழுதித்தரச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை வேறு சோதனை செய்து பார்க்கலாம் என்றார். அக்கா மகள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானத்தில் என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதுக்காக்கும் நீ படிக்கப் போனது?"

மறுநாள் நானே ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அந்த ஆண்டு செய்முறைத் தேர்வு எழுத விடவில்லை. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, நெய்யாற்றின்கரை தாண்டும்வரை அழுதேன்.

வியாழக்கிழமை மூவரும் மறுபடி போனோம். அக்கா பெயர் பதியப் போயிருந்தாள். பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, இன்னைக்கு நான் செய்யணுமா, செய்யாம இருக்கணுமா?"

"தெரிஞ்சதைச் செய் மக்கா."

"செய்தா எழுத ஆள் தரமாட்டாவல்லா?"

நான் யோசித்து முடிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவள் எழுந்து போனாள்.

சான்றிதழ் கிடைத்தது. அக்கா அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேள்விகளைப் பிள்ளை பதில் தெரியாமல் விட்டாளா, தெரிந்தே விட்டாளா என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.