பெட்டியை முகர்ந்து செடி வாங்கியவள்

எட்டு வருஷமாக வெல்டருக்குத் தன் அக்கா மேல் ஒரு மனத்தாங்கல். அவள் பிறந்தநாளுக்கென்று, வழவழ காகிதத்தில் படம் போட்ட புத்தகத்தைப் பார்த்து, தபாலில் ஒரு பெட்டி டேலிலி என்கிற பூச்செடி வரவழைத்திருந்தான். அக்கா வீட்டில் எல்லாரும் கூடியிருந்த நேரம் பார்த்துப் பெட்டி வந்தது. அக்கா அதை வாங்கினாள், ஒரு தரம் புரட்டினாள், அடிப்பக்கம் மூக்கை வைத்தாள். "வேண்டாம், திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்று தபால்காரரிடமே நீட்டிவிட்டாள். பிரிக்கக்கூட இல்லை. வெல்டரின் பெண்டாட்டியும் மச்சினனும் பக்கத்திலேயே நின்றார்கள். அவன் அன்றைக்குச் சாப்பிடாமல் கிளம்பிப் போனான். அப்புறம் வந்தான், போனான், பேசினான். ஆனால் அந்த முள்ளை மட்டும் பிடுங்கிப் போடவில்லை.

அக்கா தபால் ஆபீசில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலையில் இருபத்தாறு வருஷம் நின்றவள். ஆமாம், நின்றவள். அந்த மேஜைக்கு நாற்காலி கிடையாது. முழங்கால் இரண்டும் அங்கேயே தேய்ந்து போயின. ரிடையர் ஆன பிறகும் குடியிருப்பில் அவளுக்குப் பார்சலக்கா என்றுதான் பேர்.

அந்தக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மண் சரிவு. மழை பெய்தால் மண் கரைந்து நடைபாதைக்கு வந்துவிடும். செகரட்டரி கூட்டம் போட்டு, "சிமெண்ட் பூசி ஸ்கூட்டர் நிறுத்த விட்டுடலாம்" என்றார். அக்காவின் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மண் அது ஒன்றுதான்.

"அடுத்த மழை வரைக்கும் விட்டு வைங்க. செடி வெச்சுக் காட்டறேன். மண் இறங்கினா நீங்க பூசிக்கோங்க. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள்.

"நீங்க வாயைத் திறக்காம இருப்பீங்களா? அதுக்காகவே ஒத்துக்கலாம்" என்று செகரட்டரி சிரித்தார். ஆனால் மினிட்ஸில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

சரிவை இறுக்கிப் பிடிக்கிற வேர் டேலிலிக்கு உண்டு. பூ ஒரே நாளில் வாடிவிடும், ஆனால் அடுத்த மொட்டு வரிசையில் நிற்கும். உள்ளூரில் அது கிடைக்காது, தபாலில்தான் வரவழைக்க வேண்டும். தப்பான இடத்தில் வாங்கினால் இன்னொரு தடவை வாங்கப் பொழுது இல்லை. அக்கா மூன்று நர்சரிகளின் விலைப்பட்டியலைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். ஒன்று, அதே வழவழ புத்தகக்காரன்.

வெல்டர் அதைத்தான் எடுத்தான். "இதுல என்ன குறைச்சல்? படத்தைப் பாரு, என்னமா கருஞ்சிவப்பு!"

"படத்தையா நடப் போறே? அவன் பெட்டியை நான் இருபது வருஷம் தூக்கியிருக்கேன். ஈர மண்ணோட பிளாஸ்டிக்ல காத்துப் புகாம கட்டுவான். ரெண்டு நாள் தள்ளிப் போனா அடி ஊறி நாறும். இந்தச் சின்ன நர்சரிக்காரன் பெட்டி ஒண்ணு மூணு வாரம் எங்க ஆபீஸ் ராக்குல கிடந்துச்சு, வாங்க வேண்டியவர் ஊர்ல இல்ல. அப்புறம் வந்து கவுன்டர்லயே பிரிச்சார். காய்ஞ்ச பேப்பர்ல சுத்தின வேர், குருத்து வெள்ளையா எட்டிப் பாக்குது."

வெல்டருக்கு அப்போதுதான் வாய் வந்தது. "அன்னிக்கு அதைப் பிரிச்சுப் பாத்துட்டாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பிரிச்சா அழுகல் வெளிய வந்திருக்கும். உன் பொண்டாட்டி, மச்சினன் அத்தனை பேர் முன்னாடியும். நான் திமிர் புடிச்சவள்னு அவங்க நினைச்சாப் பரவால்ல, நீ ஏமாந்த சோணகிரின்னு ஆகக்கூடாதுன்னு பாத்தேன். எட்டு வருஷமா இதையா சுமக்கிறே, கழுதை?"

அவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டான்.

மீதி இரண்டு நர்சரிக்காரர்களுக்கும் அக்கா ஒரே கேள்வியை எழுதினாள்: சரிவு, கெட்டி மண், மத்தியானம் வரை வெயில், உங்கள் செடியில் எது எனக்கு வேண்டாம்? ஒருத்தரிடமிருந்து நன்றியும் புதுப் பட்டியலும் வந்தன. சின்ன நர்சரிக்காரர் கையால் நாலு வரி எழுதியிருந்தார்: பட்டியலில் இருக்கிற கருஞ்சிவப்பு வேண்டாம், வெயிலில் கருகும், பரவாது. யாரும் கேட்காத பழைய செம்மஞ்சள் இருக்கிறது, அது மண்ணை விடாது.

"விக்கிறவனே வேண்டாம்னு சொல்றான் பாரு. இவன்தான்" என்றாள் அக்கா. முதலில் பாதிச் சரிவுக்கு ஆகிற மாதிரி நாற்பது செடிக்கு எழுதிப் போட்டாள்.

செடிகள் வந்தன. குனிய முடியாத அக்கா, நட வேண்டியதை வெல்டரிடம் விட்டுவிட்டு முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வைத்தியரிடம் போனாள். ஆயுசு முழுக்க இரும்புக் கேட்டுகளுக்குக் கம்பம் நட்டவன் அவன். ஆழமாகப் போனால்தான் ஆடாது என்பது அவன் பாடம். நாற்பதையும் முழங்கை ஆழத்தில் இறக்கி, மண்ணைப் போட்டு, பூட்ஸ் காலால் மிதித்தும் வைத்தான்.

அக்கா திரும்பி வந்து பார்த்தாள். சரிவில் ஒரு பச்சை நுனி இல்லை.

"எங்கடா செடி?"

"உள்ள. யானை வந்தாலும் பிடுங்க முடியாது."

"செடி நடச் சொன்னா பொணத்தைப் புதைச்சு வெச்சிருக்கியே! குருத்துக்கு மேல ஒரு விரக்கடை மண்ணு போதும்டா. தோண்டு."

"நாப்பதுமா?"

"முப்பத்தொம்பதோட நிறுத்தினா விட்டுடுவேன்னு நினைச்சியா?"

பிளாஸ்டிக் நாற்காலியைச் சரிவின் அடியில் போட்டு உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தான். அவள் வாங்கி, ஒடிந்த வேரைக் கிள்ளி, திருப்பிக் கொடுத்தாள். வெயில் ஏறியது. யாரோ குடை கொண்டுவந்தார்கள், அதைச் செடிகளுக்குப் பிடித்தாள். அன்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் இடுப்பு நிமிரவில்லை.

முப்பத்தேழு பிடித்தன. மழை ஒன்பது நாள் ஊற்றியது. பத்தாம் நாள் செகரட்டரி வந்து பார்த்தார். செடி நட்ட பாதியில் மண் அசையவில்லை, நடாத பாதி நடைபாதையில் கிடந்தது. "நட்ட பக்கம் உங்களுது. அந்தப் பக்கத்துக்கு இன்னும் ஒரு மழை. அப்புறம் சிமெண்ட்தான்" என்றார்.

அந்த அடுத்த மழைக்கு அக்கா இல்லை. இருதயம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், மூச்சு வாங்க வாங்க வெல்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறாள் என்று அவன் குனிந்தான்.

"அந்தப் பாதி சும்மா கிடக்கு. அதே ஆளுக்கு இன்னொரு நாப்பது எழுதிப் போடு. இன்னிக்கே போடு, தபால் பை கட்டறதுக்குள்ள."